காஞ்சி நாட்டுக் கற்களும் திருச்சபையின் நினைவும்

முன்னுரை

யோர்தான் நதியைக் கடந்த இஸ்ரவேல் மக்கள் அதன் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினர் என்று யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பிற்காலத்துப் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு அவற்றின் பொருளை வினவுவர். அப்போது பெற்றோர் விடை கூறவேண்டும் என்பதே அச்செயலின் நோக்கமாக இருந்தது. கல் தானாகப் பேசுவதில்லை. எவ்விடத்திலிருந்து, யாரால், எப்போது எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கும்வரையில்தான் அது சாட்சியாக நிற்கும்; அவர் மறைந்தபின் வழியில் கிடக்கும் கற்களோடு அதுவும் ஒன்றாகிவிடும்.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியிலும் இத்தகைய கற்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அவற்றைத் தொகுத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர். அவர் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றோடு நெருங்கிய உறவுடையவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அத்தொகுப்பின் வரலாற்றையும், அது நம் விசுவாசத்தின் முன் வைக்கும் கேள்வியையும், திருப்பணியாளராகிய நமக்கு அது உணர்த்தும் கடமையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. காஞ்சி நாட்டின் நிலம்

காஞ்சிபுரத்தின் பழமையைப் பேசுவோர் பல்லவரிலிருந்து தொடங்குவர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கைலாசநாதர் கோயிலைக் காட்டுவர். ஏழாம் நூற்றாண்டில் சீனத்து யாத்திரிகர் யுவான் சுவாங் இந்நகரைக் குறித்து எழுதியதை நினைவூட்டுவர். ஐம்பூதங்களுள் நிலத்தின் வடிவாகச் சிவனை வழிபடும் தலமாக ஏகாம்பரநாதர் கோயிலைச் சைவர் போற்றுகின்றனர். நிலமே வழிபாட்டின் பொருளாக விளங்கும் இந்நகரில், அந்நிலத்தின் வயது என்ன என்ற வினா எழுவது இயல்பே.

காஞ்சிபுரத்துக்கு வடகிழக்கே, சென்னை செல்லும் பெருவழியில், திருப்பெரும்புதூர் அமைந்துள்ளது. 1017-ஆம் ஆண்டில் இராமானுசர் அவதரித்த தலமென வைணவர் இவ்வூரைக் கொண்டாடுகின்றனர். இன்று இது மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளால் பெயர்பெற்றுள்ளது. நிலவியலாரோ இவ்வூர்ப் பெயரை வேறொரு காரணம் பற்றி அறிவர். இதன் சுற்றுப்புறத்தில், வெளிறிய நிறமுடைய களிப்பாறை அடுக்குகள் நிலத்தடியில் கிடக்கின்றன. ஏடு பிரிப்பதுபோல் அவற்றைப் பிரித்தால் இலைகளின் பதிவுகள் தென்படும். பெரணிகளும், சைக்கசு இனத்தை ஒத்த செடிகளும், ஊசியிலை மரங்களும் அங்கே தம் அச்சுகளை விட்டுச் சென்றுள்ளன. இன்று நம் வயல்களிலும் தோட்டங்களிலும் நிறைந்துள்ள பூக்கும் தாவரங்களின் இலைகள் அத்தாவரத் தொகுதியில் இடம்பெறவில்லை. இலைகளோடு கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் கிடைப்பதால், அக்காலத்தில் கடற்கரை இப்பகுதிவரை நீண்டிருந்தது என அறிஞர் முடிவு செய்தனர்.

இப்படிவுகளை 1870-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து, ஊர்ப்பெயரையே அவற்றுக்கு இட்டவர் ஃபூட். அங்கிருந்து சேகரிக்கப்பட்ட இலைப்பதிவுகளை, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் கல்கத்தா அலுவலகத்தில் பணியாற்றிய ஒட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் என்பவர் 1879-இல் விரிவாக விளக்கி வெளியிட்டார். 1920-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் சீவார்டும், பிற்காலத்தில் இந்தியத் தொல்தாவரவியலின் தந்தை எனப் போற்றப்பட்ட பீர்பால் சாஹ்னியும் இந்திய கொண்டுவானாத் தாவரங்களை மறு ஆய்வு செய்தனர். முன்னோர் இப்படிவுகளை ஜூராசிக் காலத்தவை எனக் கருதினர். அண்மைக்கால ஆய்வாளர் இவை கிரெட்டேசியக் காலத்தின் முற்பகுதிக்கு உரியவை, அதாவது ஏறத்தாழ 12 அல்லது 13 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பர்.

2. கற்களோடு தொடங்கிய அருங்காட்சியகம்

சென்னை அருங்காட்சியகம் 1851-ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னை இலக்கியச் சங்கம் தன்னிடமிருந்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளை அரசுக்கு வழங்கியது. அவையே அருங்காட்சியகத்தின் மூலதனம் ஆயின. முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில் அவை வைக்கப்பட்டன. இராணுவ மருத்துவரான எட்வர்டு பால்ஃபர் அதன் முதற் பொறுப்பாளராக அமர்ந்தார். 1854-இன் இறுதியில் அருங்காட்சியகம் எழும்பூர் பாந்தியன் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. இன்று செப்புத் திருமேனிகளுக்காகவும் அமராவதிச் சிற்பங்களுக்காகவும் மக்கள் திரளாகச் செல்லும் அந்நிலையம் கற்களையும் தாதுப்பொருள்களையும் கொண்டு தொடங்கியது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

அதே 1851-இல்தான் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் தாமஸ் ஓல்டாம் என்பவரின் தலைமையில் முறையாகப் பணி தொடங்கியது. நிலக்கரியையும் கனிமங்களையும் கண்டறிதலே அதன் முதல் நோக்கம். அரசின் வருவாய்க்காக அனுப்பப்பட்ட அலுவலர்கள் பலர், வழியில் கண்ட புதைபடிவங்களையும் விடாமல் சேகரித்தனர். அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளின் சிப்பிகளையும் நத்தைகளையும் ஆராய்ந்து பெருநூல்களாக வெளியிட்ட பெர்டினாண்டு ஸ்டாலிச்கா இவர்களுள் ஒருவர். 1874-இல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்புகையில் லடாக்கின் மலைகளிடையே அவர் உயிர்நீத்தார். அறிவுக்காகத் தம் உடல்நலத்தைப் பொருட்படுத்தாது உழைத்த ஒரு தலைமுறை அது.

3. பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தின் செல்டன்காம் நகரில் பிறந்தார். 1858-இல் நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வரைபடமும் சுத்தியலும் ஏந்தி, ஊர் ஊராக நடந்தும் குதிரையில் சென்றும் பாறைகளின் எல்லைகளைக் குறிப்பது அவருடைய பணியாயிற்று.

1863 மே 30-ஆம் நாள், சென்னைக்குத் தென்மேற்கே பத்து மைல் தொலைவிலுள்ள பல்லாவரத்தில், படையினரின் அணிவகுப்புத் திடலையொட்டிச் சரளைக்கல் தோண்டப்பட்ட ஒரு சிறு குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கற்கருவி ஒன்றை அவர் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தமைக்கு முதற்சான்றாக அறிஞர் ஏற்றுக்கொண்ட கண்டுபிடிப்பு இதுவே. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அக்குழி இருந்த இடத்தை இன்று நகரம் முற்றிலும் விழுங்கிவிட்டது.

அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், உடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவருடன், கொற்றலை ஆற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார். பாதாம் பருப்பைப் போன்ற வடிவுடைய கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் அங்குக் கிடைத்தன. கடினமான குவார்ட்சைட்டு உருள்கற்களிலிருந்து அவை செய்யப்பட்டிருந்தன. அக்கற்களை அளித்தவை அருகிலுள்ள அல்லிக்குழி மலைகளின் உருள்கல் திரளைகள் ஆகும். ஆகவே ஒரு பழங்காலத்து ஆறு உருட்டிச் சேர்த்த கல்லைப் பின்னொரு காலத்து மனிதன் எடுத்துச் செதுக்கினான். ஒரே பொருளில் இரு வரலாறுகள் அடங்கியுள்ளன.

ஃபூட் தம் முடிவுகளை 1866-இல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழில் விரிவாக எழுதினார். 1868-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் கூடிய முன்வரலாற்றியல் மாநாட்டிலும் அவருடைய கட்டுரை இடம்பெற்றது. பாலாற்றுக்கு வடக்கிலுள்ள சென்னை, வட ஆர்க்காட்டுப் பகுதிகளின் நிலவியலைக் குறித்த அவருடைய அறிக்கை 1873-இல் வெளியாயிற்று. காஞ்சி வட்டாரத்தின் பாறைகளைப் பற்றி அறிய விழைவோருக்கு அது அடிப்படை நூலாகும்.

தொல்விலங்குகளிலும் அவருக்கு ஈடுபாடு இருந்தது. பெல்காம் மாவட்டத்துக் கோகாக் அருகே கிடைத்த அழிந்துபோன காண்டாமிருக இனமொன்றின் எலும்புகளை 1874-இல் அவரே விளக்கி, தக்காணத்தின் பெயரால் அதற்குப் பெயரிட்டார். 1884-இல் கர்நூல் பகுதியின் பில்ல சுரங்கக் குகைகளைத் தம் மகனுடன் அகழ்ந்தார். அங்குக் கிடைத்த விலங்கெலும்புகளை லைடெக்கர் என்பவர் ஆராய்ந்து 1886-இல் வெளியிட்டார். 1891-இல் அரசுப் பணியினின்று ஓய்வுபெற்றபின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் நிலவியல் பணி புரிந்தார். இவ்வாறு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் தென்னாட்டிலும் மேற்கிந்தியாவிலும் நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொல்பொருள்களைச் சேகரித்தார். ஏற்காட்டில் அவர் பாதுகாத்து வைத்திருந்த தொகுப்பை 1904-இல் சென்னை அரசு விலைகொடுத்து வாங்கி எழும்பூரில் சேர்த்தது.

அத்தொகுப்பின் விளக்கப் பட்டியலைத் தம் முதுமையில் அவரே எழுதினார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். பட்டியல் 1914-இலும், காலமும் பரவலும் பற்றிய குறிப்புகள் 1916-இலும் அருங்காட்சியகத்தின் வெளியீடுகளாக அச்சேறின. அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

4. பெர்சிவல் ஐயரின் மருமகன்

ஏற்காட்டு ஆலயத்தைக் குறிப்பிடும்போது அவருடைய குடும்ப உறவை நினைவுகூர வேண்டும். 1862-இல் ஃபூட் மணந்த எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகள். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தி, ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கம் செய்து, 1850-இல் சென்னையில் அச்சேறக் காரணராயிருந்த பெர்சிவல் ஐயரைத் தமிழ் வேதாகம வரலாற்றைக் கற்கும் மாணவர் அனைவரும் அறிவர். பின்னர் அவர் இங்கிலாந்து திருச்சபையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். 1855-இல் தினவர்த்தமானி என்னும் இதழைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1882-இல் ஏற்காட்டில் காலமானார்.

பெர்சிவல் ஐயரும் ஒரு தொகுப்பாளரே. தமிழ்ப் பழமொழிகளை ஊரார் வாய்மொழியாகக் கேட்டுச் சேகரித்து, 1874-ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,156 பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டார். மாமனார் மக்களின் நாவில் புழங்கிய சொற்களைத் தொகுத்தார். மருமகனார் மக்களின் காலடியில் கிடந்த கற்களைத் தொகுத்தார். பழமொழியும் கற்கருவியும் ஆசிரியர் பெயர் அறியாதவை. பல தலைமுறைகளின் கைபட்டுத் தேய்ந்து உருப்பெற்றவை. அற்பமெனக் கருதி எவரும் சேர்த்துவைக்காதவை. இவ்விரண்டையும் மதிப்புடையவை எனக் கருதிய மனப்பான்மை ஒரே குடும்பத்தில் நிலவியது என்பது நம் வரலாற்றில் ஒரு சிறப்பான செய்தியாகும்.

வேதாகமத்தைத் தமிழருக்கு உரைத்த இல்லத்தின் மருமகன், அவ்வேதாகமத்தின் முதல் அதிகாரங்களைப் பற்றிய பெரியதொரு விவாதத்துக்குரிய சான்றைத் தம் கையில் எடுத்தார். இதுவே நாம் ஆராய வேண்டிய அடுத்த பகுதி.

5. ஆண்டுக்கணக்கும் விசுவாசமும்

பேராயர் அஷர் என்பவர் 1650-இல் வெளியிட்ட நூலில் உலகத்தின் படைப்பு கி.மு. 4004-இல் நிகழ்ந்தது எனக் கணித்தார். 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரங்களில் இக்கணக்கு அச்சிடப்பட்டு வந்ததால், வேதவசனத்தோடு அதுவும் ஒரு பகுதிபோலவே மக்கள் மனத்தில் பதிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவியல் இக்கணக்கை அசைத்தது. 1859-இல் டார்வினின் நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அழிந்துபோன விலங்குகளோடு கிடைத்த கற்கருவிகளை ஆங்கில அறிஞர்கள் நேரிற் கண்டு ஏற்றனர். 1862-இல் நேட்டால் பேராயர் கொலன்சோ ஐந்தாகமத்தைக் குறித்து எழுதிய நூலின் முதற்பகுதி வெளியாகித் திருச்சபையில் பெருங்குழப்பத்தை உண்டாக்கியது. மறு ஆண்டில் பல்லாவரத்துக் கல் கிடைத்தது. காலம் இவ்வாறு அமைந்தது.

எனினும் நிலவியலும் விசுவாசமும் பகைமையிலேயே நின்றன என்று கொள்வது தவறாகும். காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய ஒரு சான்றை இங்குக் காட்டலாம். இந்நகரில் இன்றும் ஆண்டர்சன் பெயரால் விளங்கும் பள்ளி, ஸ்காத்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனும் அவருடைய தோழரும் செய்த கல்விப்பணியின் பயன். 1843-இல் ஸ்காத்லாந்துத் திருச்சபை பிரிந்தபோது அவர்கள் சுயாதீனத் திருச்சபையில் சேர்ந்தனர். அச்சுயாதீனத் திருச்சபையின் சார்பில் எடின்பரோவில் வெளிவந்த இதழின் ஆசிரியர் ஹியூ மில்லர். கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கிய அவர் புதைபடிவங்களைத் தேடித் தொகுத்து, அழிந்த மீன்களைப் பற்றி நூல்கள் எழுதினார். பாறைகளின் சாட்சி என்னும் பொருள்பட அவர் எழுதிய கடைசி நூல், அவர் இறந்தபின் 1857-இல் வெளிவந்தது. ஆதியாகமத்தின் நாட்கள் நீண்ட காலங்களைக் குறிக்கும் என்று அதில் அவர் வாதிட்டார். அவர் சேகரித்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட படிவங்கள் எடின்பரோ அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இன்றும் அங்கே உள்ளன. ஆகவே காஞ்சிபுரத்தில் பள்ளி நடத்திய அதே திருச்சபை, தன் இதழின் ஆசிரியராகப் புதைபடிவ அறிஞர் ஒருவரை வைத்திருந்தது.

மில்லரின் இணைப்புமுறை இன்று நமக்குப் போதுமானதன்று. நாட்களைக் காலங்களாக மாற்றிப் பாறை அடுக்குகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினால், அறிவியல் மாறும்போதெல்லாம் விளக்கவுரையையும் மாற்ற நேரிடும். ஜூராசிக் எனக் கருதப்பட்ட திருப்பெரும்புதூர் இலைகள் கிரெட்டேசியக் காலத்துக்கு மாறியதை முன்னர் கண்டோம். ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் ஆண்டுக்கணக்கைக் கற்பிக்க எழுந்ததன்று. படைத்தவர் யார், படைப்பு யாருடையது, அதில் மனிதனின் இடம் என்ன என்பவற்றை அது அறிவிக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீன் படைப்பின் நாட்களைச் சூரியனால் அளக்கப்படும் நாட்களாகக் கொள்ளவில்லை என்பதையும் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும். நிலவியல் வந்து நெருக்கியதால் தோன்றிய சமாதானம் அன்று அது.

இவ்வளவில் கேள்வி முடிந்துவிடவில்லை. இலைப்பதிவுகளைவிடக் கைக்கோடரி நம்மைக் கூர்மையாக வினவுகிறது. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினர். 2011-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. மாடு, குதிரை போன்ற விலங்கினங்களின் புதைபடிவப் பற்களும் அங்குக் கிடைத்தன. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வு, அதே இடத்தில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது எனக் கூறியது. நம்மைப் போன்ற மனித இனத்தின் மிகப்பழைய எலும்புகளோ ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கு உரியவை. அப்படியாயின் அத்திரம்பாக்கத்தின் முதற் கைக்கோடரிகளைச் செய்தவர் நம்மினும் மூத்த வேறோர் மனித இனத்தவர். அவருடைய எலும்புகள் அங்குக் கிடைக்கவில்லை. அவருடைய கைவேலை மட்டுமே கிடைத்துள்ளது.

அக்கைவேலையைக் கையில் ஏந்திப் பார்ப்பவர் ஒன்றை உணராமலிரார். இருபுறமும் ஒத்து அமையும்படி ஓர் உருள்கல்லைச் செதுக்குபவர், முதல் அடியை அடிக்குமுன் கடைசி வடிவத்தை மனத்தில் கண்டிருக்க வேண்டும். ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றொருவர் கற்றிருக்க வேண்டும். தேவசாயல் என்பதைப் பகுத்தறிவு என்றும், படைக்கும் ஆற்றல் என்றும் விளக்கிவந்த நாம், இக்கைவினைஞரை எங்கே நிறுத்துவோம்? ஆதாமைக் குறித்து உரோமர் ஐந்தாம் அதிகாரம் பேசுவதை இதன் ஒளியில் எவ்வாறு வாசிப்போம்? தேவசாயல் ஒரு திறமை அன்று, தேவன் மனிதனை அழைத்து ஏற்படுத்தும் உறவு என்று கூறும் இறையியலார் ஒரு வழியைக் காட்டுகின்றனர். அவ்வழியும் முழு விடையாகிவிடாது. அந்த அழைப்பு எவரை, எப்போது முதன்முதல் எட்டியது என்ற வினா எஞ்சி நிற்கும். எஞ்சுவதை மறைக்காமல் மாணவருக்குச் சொல்வதே நேர்மையான போதனை. பள்ளிப் பாடத்தில் அத்திரம்பாக்கத்தைப் படித்துவிட்டு ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளை கேட்கும்போது அதட்டி உட்காரவைக்கும் ஆசிரியர், அப்பிள்ளையின் விசுவாசத்துக்குக் காவலர் ஆகமாட்டார்.

6. சீட்டின் மதிப்பு

ஃபூட்டின் முடிவுகள் பலவற்றைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. கீழைக் கடற்கரையின் செம்புரைக்கற் படிவுகள் கடலால் அமைந்தவை என அவர் கருதினார். பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர். கருவிகளின் வயதை ஆண்டுகளால் கூற அவரிடம் வழியே இல்லை. ஆயினும் அவருடைய தொகுப்பின் மதிப்புக் குறையவில்லை. ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், எத்தகைய படிவில் கிடைத்தது என்பதை அவர் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைக் கொண்டே பிற்கால ஆய்வாளர் அதே ஊர்களுக்குச் சென்று மீண்டும் தோண்டினர். அவரைத் திருத்தவும் முடிந்தது. விளக்கத்தில் அவர் தவறினார்; பதிவில் உண்மையாயிருந்தார். பின்வருவோர் நம்மைத் திருத்துவதற்கு வேண்டிய சான்றை நாமே கொடுத்துச் செல்வது ஓர் உயர்ந்த தாழ்மை எனலாம்.

கற்கள் இடம்பெயர்வதற்குப் பல்லாவரமே மற்றொரு சான்று தருகிறது. கல்கத்தாப் புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜோப் சார்னக்கின் கல்லறைமேல் பதிக்கப்பட்ட கல், பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் பாறையைச் சேர்ந்தது. 1893-இல் தாமஸ் ஹாலண்டு அப்பாறைவகைக்குச் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். நம் ஊர்ப் பாறை, கல்லறையில் கிடந்தவரின் பெயரை உலகெங்கும் சுமந்து செல்கிறது.

இங்கே ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. தொகுப்பு ஒருவர் பெயரால் வழங்குகிறது. வழிகாட்டியவர், சுமந்தவர், தோண்டியவர், ஏரிக்கரையிலும் ஓடையிலும் எங்கே என்ன கல் கிடக்கும் என்று அறிந்திருந்த ஊரார் ஆகியோரின் பெயர் அத்தலைப்பில் இல்லை. திருப்பெரும்புதூரின் இலைகள் கல்கத்தாவுக்குச் சென்றன. அவற்றுக்குப் பெயரிட்டவர் அயல்நாட்டார். ஆட்சியாளரின் கையிலிருந்த அறிவுமுறை அது. நம் மிஷன் வரலாறுகளும் இதே குறையுடையவை. மிஷனரியின் பெயர் கல்வெட்டில் இருக்கும். உபதேசியாரின் பெயரும் வேதாகமப் பெண்ணின் பெயரும் பதிவேட்டின் ஓரத்தில் இருக்கும், அல்லது இராது.

7. நமக்குரிய கடமை

சரளைக்குழிகள் தூர்ந்துவிட்டன, செம்மண் மேடுகள் சாலைகளுக்காக வெட்டப்பட்டன, களிப்பாறை கிடந்த நிலங்களில் ஆலைகள் எழுந்துள்ளன. பல இடங்களைக் குறித்து இன்று எஞ்சியிருப்பது பெட்டியில் உள்ள கல்லும் அதனோடுள்ள சீட்டும் மட்டுமே. நம் சபைகளின் நிலையும் இதனின்று வேறுபட்டதன்று. பழைய ஆலயங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழும்போது, ஞானஸ்நானப் பதிவேடுகளும், திருமணப் பதிவேடுகளும், சபைக்குழுக் குறிப்பேடுகளும் மூலையில் குவிந்து கறையானுக்கு இரையாகின்றன. கல்லறைகளின் எழுத்துகள் சுண்ணாம்புப் பூச்சில் மறைகின்றன.

ஒவ்வொரு குருவானவரும் தம் சேகரத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. பழைய பதிவேடுகளின் பட்டியலை ஆண்டு வாரியாக எழுதிவைக்கலாம். கல்லறை எழுத்துகளைப் படியெடுக்கலாம். முதிய விசுவாசிகள் சொல்லும் சபைத் தோற்றத்தின் கதையை, சொன்னவர் பெயரும் நாளும் குறித்து எழுதலாம். பாதுகாக்க இயலாதவற்றைப் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் ஒப்படைக்கலாம். இறையியல் மாணவர்களை ஒருமுறையேனும் எழும்பூருக்கு அழைத்துச் சென்று, ஃபூட் தொகுப்பின் முன் நிறுத்தி, அதன்பின் ஆதியாகமத்தைத் திறந்து கற்பிக்கலாம்.

முடிவுரை

காஞ்சிபுரத்து நெசவில் கோர்வை என்றொரு முறை உண்டு. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தவை. வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்படுகின்றன. ஒவ்வொரு ஊடையும் அவை சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. நிறங்கள் கலந்துவிடுவதில்லை, துணி பிரிந்துவிடுவதும் இல்லை. அதற்குத் தறியில் இருவர் வேண்டும், பொறுமையும் வேண்டும். படைப்பைக் குறித்த விசுவாசமும் நிலத்தைக் குறித்த அறிவும் நம் போதனையில் அவ்வாறே இணைய வேண்டும். ஒன்றின் நிறத்தை மற்றொன்றின்மேல் பூசுவது எளிது. ஊடை ஊடையாகக் கோர்ப்பது கடினம்.

பெர்சிவல் ஐயரின் இல்லத்தில் வேதாகமமும் கல்லும் ஒருங்கே இருந்தன. நம் பிள்ளைகள் எழும்பூர்க் கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று கேட்பார்கள். கில்காலின் பெற்றோரிடம் எதிர்பார்க்கப்பட்டது இன்று நம்மிடமும் எதிர்பார்க்கப்படுகிறது: கேட்கும் பிள்ளைக்கு அறிந்ததைச் சொல்லவும், அறியாததை அறியோம் எனச் சொல்லவும் நாம் ஆயத்தமாயிருக்க வேண்டும்.